சாணைக்குருவி வராத மூன்று வருஷங்கள்

எங்கள் ஏரியை ஒரு சுற்று நடந்தால் இரண்டே முக்கால் கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஐந்து பேர் அந்தத் தூரத்தை இரண்டரை மணி நேரம் நடப்போம். உடம்பு இளைக்க ஓடுகிறவர்கள் அதற்குள் எங்களை மூன்று தடவை கடந்துவிடுவார்கள். மூன்றாவது தடவை யாராவது ஒருவர் நின்று, ஏதாவது தொலைந்துபோய்விட்டதா என்று விசாரிப்பார். பறவை எண்ணுகிறோம் என்று சொன்னால், ஓஹோ என்று சொல்லிவிட்டு முன்னைவிட வேகமாக ஓடுவார். எண்ணுகிறோம் என்பதுகூடக் கொஞ்சம் பீற்றல்தான். எண்ணுகிறவர் ஒருவர். மற்ற நால்வரும் அவருக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடக்கிறவர்கள்.

அந்த ஒருவருக்கு ஊரில் முத்திரை மேடம் என்று பெயர். எடை, அளவுகளைச் சோதிக்கும் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஆய்வாளராக இருந்தவர். மளிகைக்கடைத் தராசு, துணிக்கடை மீட்டர் கோல், பெட்ரோல் பங்க் குழாய் எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒருமுறை சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லையென்றால் அங்கேயே கம்பியால் கட்டி, ஈயத்தை நசுக்கி, பயன்படுத்தக் கூடாது என்று சீட்டு ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை. சிபாரிசு அவருக்குப் பிடிக்காது. அழுகை அதைவிடப் பிடிக்காது. ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் கைப்பையில் இருநூறு கிராம் எடைக்கல் ஒன்றை வைத்துக்கொண்டு திரிகிறார். அவர் கடைத்தெருவில் நுழைந்தால் பழக்கடைக்காரர் காரணமே இல்லாமல் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார்.

எனக்கு அவர் பழக்கமானது என் ஜெராக்ஸ் கடையால். வருஷக் கடைசியில் நீளமான நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மூன்று நகல் எடுப்பார். ஒன்று நூலகத்துக்கு, ஒன்று நகராட்சியின் பூங்காப் பிரிவுக்கு, ஒன்று நோட்டு தொலைந்தால் என்ன செய்வது என்பதற்காக அவருக்கே. தேதி, நேரம், இடம், பறவை, எத்தனை, பார்த்ததா கேட்டதா என்று ஆறு கட்டங்கள். பத்தொன்பது வருஷ நோட்டுகளில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. எனக்குச் சர்க்கரை வந்து டாக்டர் நடக்கச் சொன்னபோது, தனியாக நடப்பதற்கு இந்த அம்மாளுக்குப் பின்னால் நடந்தால் நாலு பறவையாவது தெரிந்துகொள்ளலாமே என்று சேர்ந்தேன். ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்பது பிறகு நிரூபணமானது.

எங்கள் குழுவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மேடம் சொல்லும்வரை யாரும் பறவைப் பெயரை உச்சரிக்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்குக் காரணம் மருந்துக்கடைக்காரர். எழுபத்தொரு வயது, மேடத்தைவிட ஏழு வயது மூத்தவர், ஆனாலும் அவசரக் குடுக்கை. ஒரு நாள் எதிர்க்கரையைக் காட்டி மீன்கொத்தி, மீன்கொத்தி என்று கூவிவிட்டார். மேடம் பைனாகுலரில் பார்த்தார். திட்டவில்லை. நோட்டைப் பிரித்து, "நீல பிளாஸ்டிக் பை, ஒன்று. கண்டவர்: மருந்துக்கடைக்காரர்" என்று எழுதிவிட்டார். அந்த வருஷ நோட்டின் நகல் நூலகத்தில் இன்னும் இருக்கிறது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு எங்களில் யாருக்கும் வாயைத் திறக்கத் துணிவு வரவில்லை.

சாணைக்குருவி என்பது மேடம் வைத்த பெயர். புத்தகத்தில் வேறு என்னவோ பெயர். உள்ளங்கைக்குள் அடங்குகிற, மண் நிறத்தில் ஒரு குருவி. குளிர் முழுதாக விடாத வசந்தத் தொடக்கத்தில் எங்கிருந்தோ வந்து, ஏரியின் மேற்கு வளைவில் உள்ள நாணலுக்குள் புகுந்துகொள்ளும். கண்ணில் படுவது அபூர்வம். சத்தம்தான் அடையாளம். தூரத்தில் யாரோ கத்திக்குச் சாணை பிடிக்கிற மாதிரி, மெல்லிசாக, இழுத்த இழுப்பில் ஒரு நிமிஷம்வரை கேட்கும் என்பார் மேடம். ஒவ்வொரு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் அது முதலில் வந்த தேதியைச் சிவப்பு மையால் எழுதியிருப்பார். அவருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சிவப்புத் தேதிகள்தான். பதினாறு வருஷம் அவை தவறவில்லை. பதினேழாவது வருஷம் அந்த இடத்தில் ஒரு கோடு. நான் குழுவில் சேர்ந்த வருஷமும் அதுதான் என்பதால், எல்லாம் என் ராசி என்று வங்கியில் வேலை பார்க்கும் தம்பதி கேலி செய்தார்கள். அவர்கள் எனக்கு இரண்டு வாரம் பின்னால் சேர்ந்தவர்கள். ராசி யாருடையது என்பது இன்றுவரை தீர்க்கப்படவில்லை.

இங்கே நாணல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகராட்சி ஊழியர். குளிர்காலம் முழுவதும் தொடைவரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று அரிவாளால் நாணலை அறுத்துக் கட்டுக் கட்டாகக் கரையேற்றுவார். வெட்டாமல் விட்டால் ஏரி தூர்ந்துவிடும். குருவி கூடு கட்டும்போது வெட்டினால் குஞ்சு போய்விடும். பல வருஷங்களுக்கு முன்பே மேடம் அவரிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார். குருவி முதலில் கத்துகிற அன்று அரிவாளைக் கீழே வைத்துவிட வேண்டும். அவரும் அப்படியே செய்து வந்தார். அவர்கள் இருவருக்கும் இடையில் அது ஒரு போட்டியாகவே ஆகியிருந்ததாம். நேத்து வந்துடுச்சும்மா என்பார் அவர். முந்தாநாளே வந்துடுச்சு என்பார் மேடம். எப்போதும் மேடம்தான் ஜெயிப்பார்.

கோடு விழுந்த முதல் வருஷம் நாணல்காரர் வழக்கம்போல் வந்து, குருவி வந்துவிட்டது என்று சொன்னார். பார்த்தீர்களா என்று மேடம் கேட்டார். இல்லை, கேட்டேன் என்றார். மேடம் அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் மேற்கு வளைவில் அரை மணி நேரம் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. இவர் நம்மைச் சந்தோஷப்படுத்தச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டார். இரண்டாவது வருஷம் நாங்கள் போனபோது மேற்குக் கரையில் புதிதாக அறுத்த நாணல் மலையாகக் குவிந்திருந்தது. மேடத்தின் முகம் மாறிவிட்டது. இவ்வளவு வெட்டினால் குருவி எப்படி வரும் என்று ஆரம்பித்தார். நாணல்காரர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமையே வெட்டை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

"குருவி வந்துடுச்சும்மா. இதோ, இப்பக்கூடக் கத்துது. கேளுங்க" என்றார்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் நின்றார். நாங்கள் நால்வரும் பின்னால் நின்றோம். கரையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு ரீங்காரம் எனக்குக் கேட்டது. மின்சாரச் சமாசாரம் என்று நினைத்தேன். சாணை பிடிக்கிற சத்தம் என்றால் கரகரவென்று பொறி பறக்கிற மாதிரி இருக்கும் என்பது என் கற்பனை. நேரில் சாணை பிடிப்பவரை நான் பார்த்ததே இல்லை. தவிர, மேடம் ஒன்றும் சொல்லாதபோது நான் யார் சொல்வதற்கு? பத்து நிமிஷம் முடிந்ததும் மேடம் நாணல்காரரிடம் திரும்பினார்.

"என் காதுல பூ சுத்தாதீங்க" என்றார்.

மறுநாள் என் கடைக்கு வந்து புகார்க் கடிதம் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கூடு கட்டும் பருவத்தில் நாணல் வெட்டிவிட்டு, பொய்யான தகவல் தருகிறார் என்று ஒரு வரி வந்தது. தவறான தகவல் என்று போடலாமா என்று கேட்டேன். தவறு என்பது தெரியாமல் செய்வது, இவர் தெரிந்தே சொல்கிறார் என்றார். பொய்யான என்றே போட்டேன். பூங்காப் பிரிவு அதிகாரிக்கு மேடம் சொன்னால் வேத வாக்கு. முப்பத்திரண்டு வருஷம் தப்பான தராசைப் பிடித்தவர் ஆயிற்றே. பதினைந்தே நாளில் நாணல்காரரை ஊரின் மறுகோடியில் இருக்கும் நாற்றுப் பண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். மேற்கு வளைவில் வெட்டே கூடாது என்று உத்தரவும் வந்தது. மூன்றாவது வருஷம் நாணல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. குருவி மட்டும் வரவில்லை. கெட்டுப்போன இடம் உடனே சரியாகாது, இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று மேடம் எங்களுக்கு விளக்கினார். நாங்கள் தலையாட்டினோம். டிரான்ஸ்ஃபார்மர் அந்த வருஷமும் ரீங்காரமிட்டது.

இதற்கிடையில் அவர் வீட்டில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்ததை மேடத்தின் கணவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சாவகாசமான மனிதர். அவர்கள் வீட்டு வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் கீச் கீச் என்று கூப்பிடும். ஒரு நாள் மேடம், மெஷினில் மணி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கை வரவழைத்தாராம். அவர் பட்டனை அழுத்தினார், கீச் என்றது. நல்லாத்தானே இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேடம் அவர் சொன்னதை நம்பி, பார்த்தீங்களா, கை வைத்ததும் சரியாகிவிட்டது என்றாராம். அன்றே கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பேச்சு நன்றாகக் கேட்கிறது, கதவு தட்டினால் கேட்கிறது, தான் முணுமுணுப்பதுகூடக் கேட்கிறது. உச்சத்தில் இருக்கிற மெல்லிய சத்தம் மட்டும் மனைவிக்குப் போய்விட்டது. வாயைத் திறக்காமல், அன்றிலிருந்து துணியைத் தானே எடுத்து உலர்த்தத் தொடங்கினார். இரண்டு வருஷம் உலர்த்தியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவகிட்ட உன் காது சரியில்லன்னு சொல்றதுக்கு, துணி காயப்போடுறது சுலபம் தம்பி" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு டிரான்ஸ்ஃபார்மர் ஞாபகம் வந்து அடங்கிவிட்டது.

இந்த வருஷம் மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்களுடன் ஆறாவதாக ஒரு நர்ஸ் சேர்ந்துகொண்டார். ஏரிக்கு எதிரே உள்ள அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர். எங்கள் சட்டம் அவருக்குத் தெரியாது. புல்லில் ஈரம் இருந்தது. மூச்சு விட்டால் புகை வந்தது. கிழக்குக் கரையில் நாமக்கோழி இருபத்திரண்டு, முக்குளிப்பான் ஐந்து, சாம்பல் நாரை ஒன்று என்று மேடம் எழுதிக்கொண்டே வந்தார். வில்லோ மரக் கிளைகளில் துளிர் தட்டியிருந்தது. மேற்கு வளைவில் நுழைந்ததும் நர்ஸ் சர்வசாதாரணமாகக் கேட்டார்.

"அது என்ன சத்தம், கத்தி தீட்டுற மாதிரி?"

"அது டிரான்ஸ்ஃபார்மர்ம்மா" என்றேன் நான். எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்கள்.

மேடம் நின்றுவிட்டார். மெதுவாக என் பக்கம் திரும்பி, "டிரான்ஸ்ஃபார்மர் சத்தம் எனக்குக் கேக்குது தம்பி. அது உம்முனு இருக்கும்" என்றார். பிறகு நர்ஸிடம், சத்தம் எங்கிருந்து வருகிறது, கையால் காட்டுங்கள் என்றார். நர்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டவில்லை. அதற்கு நாலு கஜம் இடதுபுறம் நாணலைக் காட்டினார். மேடம் பைனாகுலரைத் தூக்கினார்.

சாய்ந்த நாணல் தண்டு ஒன்றில், மண் நிறக் குருவி ஒன்று பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அலகு முழுக்கத் திறந்திருந்தது. தொண்டை படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மேடம் அசையவில்லை. பைனாகுலரை இறக்காமல் கேட்டார்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது மேடம்" என்றார் நர்ஸ்.

குருவி அலகை மூடியது.

"இப்ப?"

"நின்னுடுச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அலகு மறுபடி திறந்தது.

"இப்ப?"

"மறுபடி ஆரம்பிச்சிருக்கு."

மூன்று முறை சோதித்தார். தராசையும் அவர் மூன்று முறைதான் சோதிப்பார். அதன் பிறகு நோட்டைப் பிரித்துத் தேதி, நேரம், இடம் எழுதி, கடைசிக் கட்டத்தில் 'பார்த்தது' என்று மட்டும் எழுதினார். ஆனால் மிச்ச தூரத்தில் அவர் ஒரு பறவையையும் எழுதவில்லை. நாங்களும் மிச்ச தூரத்தை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் உண்மையான சந்தோஷம். அவர் காதிலும் ஒன்றும் விழவில்லை. குருவியைக் கண்ணால் பார்த்துவிட்டார், அது போதும். வீட்டுக்குப் போவதற்குள் பூங்காப் பிரிவு அதிகாரிக்கு போன் போட்டு, மூன்று வருஷம் வராமலிருந்த சாணைக்குருவி திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

அந்த அவசரத்தால்தான் விஷயம் முற்றியது. அதிகாரி பூரித்துப்போனார். நாணல் வெட்டைத் தடுத்ததால் திரும்பி வந்த பறவை என்று மேற்கு வளைவில் ஒரு பலகை வைக்கலாம், அதில் மேடத்தின் பெயரும் அவர் நோட்டிலிருந்து தேதிகளும் இருக்கட்டும் என்று தீர்மானித்தார். ஒரு வாரத்துக்குள் மேடம் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். இதைவிட அழகான கதை ஒரு அலுவலகத்துக்குக் கிடைக்காது. குருவி போனது, புகார் வந்தது, வெட்டு நின்றது, குருவி வந்தது.

அடுத்த ஞாயிறு மேடம் வரவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அது முதல் தடவை. அந்த வாரம் நர்ஸ் அவரைத் தன் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைக்கு அழைத்துப்போயிருந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டுவதற்கு முன்னால், அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று மேடம் கேட்டாராம். பரிசோதனை செய்யும் பெண் கருவியின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டியிருக்கிறார். தேதியைப் படித்துத் திருப்திப்பட்ட பிறகுதான் உள்ளே போனார். வந்த வரைபடத்தில் கோடு பாதித் தூரம் நேராகப் போய், அதன் பிறகு, உச்சச் சத்தங்கள் வரும் இடத்தில், மாடிப்படி இறங்குவது போல் இறங்கியது. இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். சொல்ல முடியாது, சில வருஷங்கள் இருக்கும், வயதானால் பலருக்கும் வருவதுதான் என்றார் அந்தப் பெண். "நான் ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் வருஷா வருஷம் சோதிச்சேன். இதை மட்டும் சோதிக்கல" என்று மேடம் நர்ஸிடம் சொன்னாராம்.

வியாழக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தார். வரைபடத்தைக் கொடுத்து மூன்று நகல் எடுக்கச் சொன்னார். ஒரு கடிதமும் தட்டச்சு செய்ய வேண்டும் என்றார். என்ன கடிதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கொஞ்சம் வாதாடினேன், ஒளிப்பானேன். நாணல் இப்போது நன்றாக இருக்கிறது, குருவியும் இருக்கிறது, நாணல்காரருக்குச் சம்பளம் குறையவில்லை, எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துபோன விஷயம், இப்போது கிளறினால் பத்தொன்பது வருஷ நோட்டையும் எவனும் நம்ப மாட்டான் என்றேன். அந்தப் புகாரைத் தட்டச்சு செய்தது நான் என்பதும் என் மனதில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அவர் கைப்பையைத் திறந்து, அந்த இருநூறு கிராம் எடைக்கல்லை என் மேஜைமேல் வைத்தார்.

"இது தேஞ்சுபோச்சுன்னு தெரிஞ்ச பிறகு நான் முத்திரை குத்தினா நீங்க என்னைப் பத்தி என்ன நினைப்பீங்க?" என்று கேட்டார்.

நான் விசைப்பலகையை இழுத்துக்கொண்டேன். கடிதம் ஒன்பது வரிதான். பறவை எந்த வருஷமும் வராமல் இருந்ததில்லை. எனக்குக் கேட்கவில்லை. இத்துடன் இணைத்துள்ள வரைபடத்தைப் பார்க்கவும். நாணல் வெட்டும் ஊழியர் சொன்னது உண்மை. அவரைப் பற்றிய என் புகாரில் 'பொய்யான' என்ற சொல் உட்பட அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். கையெழுத்துப் போடும்போது பேனாவை வழக்கத்தைவிட அழுத்தினார், தாள் ஓட்டையாகிவிட்டது. மறுபடி ஒரு பிரதி எடுத்தேன். அதிகாரி அதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிட்டார். பலகை பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

சனிக்கிழமை நானும் மேடமும் இரண்டு பஸ் மாறி நாற்றுப் பண்ணைக்குப் போனோம். என்னை ஏன் கூப்பிட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. துணைக்கு என்று நினைத்துக்கொண்டேன். பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே நாணல்காரர் கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையை உதறி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். மேடம் உட்காரவில்லை.

"குருவி மூணு வருஷமும் வந்திருக்கு. எனக்குத்தான் காது கேக்கல. நீங்க சொன்னது நிஜம். நான் எழுதினது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றார்.

நாணல்காரர் பாதி நிரப்பிய பையை எடுத்து அதன் மண்ணைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"குருவி வந்தது எனக்குத் தெரியுமேம்மா" என்றார். பிறகு, தலையைத் தூக்காமல், "பொய் சொல்றேன்னு எழுதிட்டீங்க. அந்தக் கடுதாசி நகலை என் பொண்ணு படிச்சுட்டா. அதுதான்" என்றார்.

மேடம் தலை குனிந்து நின்றார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான். கடிதத்தின் நகலை நீட்டினார், பெண்ணிடம் காட்டச் சொன்னார். நாணல்காரர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏரிக்குத் திரும்ப மாற்றச் சொல்லட்டுமா என்று மேடம் கேட்டதற்கு, வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார். தண்ணீரில் நின்று நின்று கால் போய்விட்டது, இங்கே நிழல் இருக்கிறது, நாலு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். அதில் தியாகம் ஒன்றும் இல்லை; நிஜமாகவே அவருக்கு அந்த இடம் பிடித்திருந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மேடத்துக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

அதன் பிறகுதான் மேடம் வந்த காரியத்தைக் கேட்டார். அந்த வருஷங்களில் குருவி முதலில் கத்திய நாள் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? நாணல்காரர் கொட்டகைக்குள் போய் இரண்டு சின்னப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். தினமும் என்ன வேலை செய்தோம் என்று எழுதி மேல்தாளை அலுவலகத்தில் கொடுக்கும் புத்தகம். கீழ்த்தாளில் கார்பன் நகல் நிற்கும். எச்சில் தொட்டுப் புரட்டி, ஒரு தாளைக் காட்டினார். மார்ச் பதினான்கு. நாணல் வெட்டு நிறுத்தம். காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: குருவி. அடுத்த புத்தகத்தில் மார்ச் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. நிறுத்தம். காரணம்: குருவி. மேல்தாள் இரண்டும் அந்த அலுவலகத்திலேயே, அந்த அதிகாரியின் அலமாரியிலேயே இத்தனை நாளும் இருந்திருக்கின்றன. அவர் அரிவாளைக் கீழே வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பொய்யர் என்று நாங்கள் முடிவுகட்டியது அந்த ஞாயிற்றுக்கிழமை.

மேடம் கைப்பையிலிருந்து அந்த மூன்று வருஷ நோட்டுகளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கோட்டுக்கு மேலே மார்ச் பதினான்கு என்று எழுதி, கேட்டவர்: நாணல்காரர் என்று எழுதினார். இரண்டாவது கோட்டுக்கு மேலே மார்ச் ஒன்பது. கேட்டவர்: அவரே. பிறகு மூன்றாவது கோட்டுக்கு வந்து, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருஷம் நான் இங்கதானேம்மா இருந்தேன்" என்றார் நாணல்காரர்.

பேனா அந்த இடத்திலேயே நின்றது. மேடம் என் பக்கம் திரும்பினார். என்னை ஏன் இரண்டு பஸ் மாற்றி அழைத்து வந்தார் என்பது அப்போது புரிந்தது.

"போன வருஷம் உங்களுக்குக் கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சு மேடம்."

"முதல்ல எந்தத் தேதி?"

நான் யோசித்தேன். டிரான்ஸ்ஃபார்மர் சத்தம் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று யார் குறித்துவைப்பார்கள்? ஒரு ஞாயிறு கேட்டது. அதற்கு முந்தின ஞாயிறும் கேட்டிருக்கலாம். தெரியவில்லை என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. உத்தேசமாக ஒரு தேதி போடலாம் என்று நாணல்காரர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்; மேடம் தலையசைத்து மறுத்துவிட்டார். பேனாவை மூடி, நோட்டுகளை மூடி, நாணல்காரருக்குக் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார்.

வருஷக் கடைசியில் வழக்கம்போல் நோட்டு என் கடைக்கு வந்தது. போன வருஷ நோட்டின் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொன்னார். கண்ணாடியில் கவிழ்ப்பதற்கு முன்னால் அந்த மூன்றாவது கோட்டைப் பார்த்தேன். அதற்குக் கீழே, தேதி எழுத வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதியிருந்தார்: "வந்தது. ஐந்து பேர் இருந்தோம். யாரும் குறிக்கவில்லை." மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன்.